தையல் மெஷினுக்கு முன்னும் பின்னும்: கொங்கு நாட்டுத் துணிக் கதை

"தையல் மெஷின் வருவதற்கு முன்னால் நம் கொங்குப் பக்கம் துணியும் உடுப்பும் எப்படித் தயாரானது? மெஷின் வந்த பிறகு என்ன மாறியது?" என்று கேட்டிருக்கிறீர்கள். முன்பு எல்லாவற்றையும் கையால் தைத்திருப்பார்கள், அப்புறம் மெஷினில் தைக்க ஆரம்பித்திருப்பார்கள் என்று நினைத்துத்தான் பலரும் இதைக் கேட்கிறார்கள். கோட்டும் கால்சட்டையும் போட்ட குளிர்நாடுகளுக்கு அந்தக் கணக்கு சரி. நம் ஊரில் முன்பு தையலுக்கு வேலையே ரொம்பக் குறைவு.

ஒரு நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய கொங்குக் கிராமத்தை நினைத்துப் பாருங்கள். ஆம்பளைக்கு வயலில் கோவணம், வெளியே போனால் வேட்டி, தோளில் துண்டு, தலையில் உருமால். பொம்பளைக்குப் பின்கொசுவம் வைத்துக் கட்டிய சேலை. குழந்தைக்கு அரைஞாண் கயிறு போதும். மார்கழிப் பனிக்கும் ஐப்பசி மழைக்கும் கம்பளியை மடித்துத் தலையோடு மூடிக் கொங்காடை போட்டுக்கொள்வார்கள். இதில் எதிலாவது ஒரு தையல் இருக்கிறதா? தறியிலிருந்து அறுத்ததும் அப்படியே இடுப்பில் ஏறிவிடும். தைக்கத் தெரியாமல் இல்லை. சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்துத் தெருக்களைச் சொல்லும்போது துன்னகாரர் என்று தையற்காரர்களைச் சொல்லியிருக்கிறது. தேவை இல்லை, அவ்வளவுதான். நம் வெயிலுக்கு உடம்போடு ஒட்டிய உடுப்பு எதற்கு?

அப்படியானால் உழைப்பு எங்கே போனது? நூலில். இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. ஒரு வேட்டிக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 4 கஜம் நீளம், 50 அங்குல அகலம், அங்குலத்துக்கு 60 பாவு இழை (நீளவாட்டில் ஓடுவது), 50 ஊடை இழை (குறுக்கே ஓடுவது) என்று வைத்துக்கொள்ளுங்கள். பாவில் 3,000 இழை, ஒவ்வொன்றும் 4 கஜம் என்றால் 12,000 கஜம். ஊடையில் 7,200 இழை, ஒவ்வொன்றும் 50 அங்குலம் என்றால் 10,000 கஜம். ஆக 22,000 கஜம், அதாவது ஏறத்தாழ 20 கிலோமீட்டர். ஈரோட்டில் ஒரு முனையைக் கட்டிவிட்டுப் பெருந்துறை வரைக்கும் விட்டுக்கொண்டே போகலாம். ராட்டையில் நன்றாகப் பழகிய கை மணிக்கு 300, 400 கஜம் நூற்கும். அப்போ ஒரு வேட்டிக்கான நூலுக்கு மட்டும் அறுபது எழுபது மணி நேரம் ஆகும். அதை நெய்ய ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். தைக்க? ஒரு நிமிஷம்கூட இல்லை.

அதனால்தான் ஒரு தறிக்கு நூல் கொடுக்கப் பல ராட்டைகள் சுற்ற வேண்டியிருந்தது. நூற்றவர்கள் பெரும்பாலும் பெண்கள். இந்தச் சாதி அந்தச் சாதி என்றில்லை, காட்டு வேலை இல்லாத மாசங்களில் பண்ணயக்காரர் வீட்டிலும் நூற்றார்கள், கூலிக்காரர் வீட்டிலும் நூற்றார்கள். நொய்யல் கரைக் கொடுமணலில் தோண்டியபோது சுடுமண் தக்களி வட்டுகள் கிடைத்திருக்கின்றன. அதாவது இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலாக இந்த மண்ணில் பெண்கள் நூல் திரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

பருத்தியும் இங்கேயே விளைந்தது. பல்லடம், உடுமலைப் பக்கத்துக் கருமண்ணில் உப்பம், கருங்கண்ணி என்ற நாட்டு ரகங்கள் மானாவாரியாக வந்தன. இழை குட்டை, அதில் மெல்லிய நூல் வராது, ஆனால் முரட்டு வேட்டிக்கும் போர்வைக்கும் தாராளம். எடுத்த பருத்தியை இரண்டு உருளைக்கு நடுவே விட்டுக் கொட்டையைப் பிரிப்பார்கள். கொட்டையை ஊறவைத்து ஆட்டி மாட்டுக்கு வைத்துவிடுவார்கள். பஞ்சை வில்லால் அடித்துப் பூவாக்கி, திரியாகச் சுருட்டி, அப்புறம்தான் ராட்டையில் உட்காருவது.

நூல் தறிக்குப் போவதற்கு நடுவில் இன்னொரு பெரிய வேலை இருக்கிறது. பாவு. விடிகாலையில் தெரு நீளத்துக்குக் குச்சிகளை நட்டுப் பாவை இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, புருசால் நீவிக்கொண்டே போவார்கள். கஞ்சி போடாத இழை தறியில் உராய்ந்து பிசிர் விட்டு அறுந்துவிடும். அதிகமாகப் போட்டால் விறைத்து முறியும். வெயில் ஏறுவதற்குள் ஒவ்வொரு இழையும் தனித்தனியாக நின்றாக வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டிப் பாவே வீண். வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும் அந்த நேரத்தில் தெருவில்தான் இருப்பார்கள், பக்கத்து வீட்டுக்காரரும் ஒரு கை கொடுப்பார். முடிந்த பாவின் முனையைப் பழைய பாவின் முனையோடு ஒவ்வொரு இழையாக முறுக்கிப் பிணைப்பது அடுத்தது. மூவாயிரம் இழை என்றால் மூவாயிரம் முறுக்கு. தேவாங்கர், செங்குந்தர் தெருக்களில் இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடிய பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே வேறு பக்கம் பார்த்துக் கதை பேசிக்கொண்டே விரல் ஓடும்.

தறி என்பது குழித்தறி. தரையில் குழி எடுத்துக் காலை உள்ளே தொங்கவிட்டு உட்காருவார்கள். கால் மிதியை மிதிக்க, பாவு இரண்டாகப் பிரிந்து வாய் திறக்கும். ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடாவை ஒரு கையால் எறிந்து மறு கையால் பிடிக்க வேண்டும். அப்புறம் சீப்பு மாதிரி இருக்கும் அச்சை இழுத்து ஊடையை இறுக்க வேண்டும். அதனால் துணியின் அகலம் நெசவாளியின் கை எட்டும் தூரத்துக்குள் அடங்கிவிடும். அதைவிட அகலம் வேண்டுமானால் இரண்டு பேர் பக்கத்துக்கு ஒருவராக உட்கார்ந்து நாடாவை மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும். பவானி ஜமக்காளத்தின் அகலமான விரிப்புகளை இப்படித்தான் நெய்தார்கள். குழிக்குள் தரை ஈரம் இருப்பதால் நூல் காய்ந்து போகாது என்பது குழித்தறியின் இன்னொரு சூட்சுமம்.

சரி, மெஷின்களுக்கு வருவோம். துணித் தொழிலில் தையல் மெஷின்தான் கடைசியாக வந்த பெரிய மெஷின். 1733-ல் இங்கிலாந்தில் ஜான் கே விசைநாடாவைக் கொண்டுவந்தார். கயிற்றைச் சுண்டினால் நாடா தானே ஓடும், கை எட்டும் தூரம் என்ற கட்டுப்பாடு போயிற்று, நெசவு வேகமாயிற்று. உடனே நூல் பற்றாக்குறை. அந்தப் பற்றாக்குறைதான் 1764-ல் ஹார்கிரீவ்ஸின் ஜென்னி, 1769-ல் ஆர்க்ரைட்டின் நீர்ச்சக்கர நூற்பு, 1779-ல் கிராம்ப்டனின் மியூல் என்று வரிசையாக நூற்பு மெஷின்களை வரவழைத்தது. நூல் குவிந்ததும் 1785-ல் கார்ட்ரைட்டின் விசைத்தறி. துணி மலையாகக் குவிந்த பிறகும் அங்கே சட்டையைக் கையால்தான் தைத்துக்கொண்டிருந்தார்கள். இடுக்கு எங்கே விழுகிறதோ அங்கே அடுத்த மெஷின். கடைசி இடுக்கு ஊசி.

இந்த வரிசை கொங்கு நாட்டுக்கு வேறு மாதிரி வந்து சேர்ந்தது. முதலில் வந்தது சீமை நூல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது மலிவாக வந்து இறங்க இறங்க, வீட்டு ராட்டைகள் பரணுக்குப் போயின. அறுபது எழுபது மணி நேரத்து உழைப்போடு மில் நூலின் விலை போட்டி போட்டால் யார் ஜெயிப்பார்கள்? ஆனால் கைத்தறி சாகவில்லை. மில் நூலை வாங்கி நெய்தே பிழைத்துக்கொண்டது. மெஷின் வந்ததும் நெசவாளிதான் முதலில் அழிந்தார் என்று மேடையில் பேசுவார்கள். எனக்குத் தெரிந்த வரையில் முதல் அடி விழுந்தது நூற்ற பெண்கள் மேல்தான், அதைப் பற்றிப் பேச ஆள் இல்லை.

1888-ல் ராபர்ட் ஸ்டேன்ஸ் கோயமுத்தூரில் ஸ்பின்னிங் மில் தொடங்கினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியாப் பருத்தி வந்தது. கிணற்றுப் பாசனத் தோட்டங்களில் மாடு கட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்து விளைவித்த நீள இழை ரகம். 1932-ல் நீலகிரிப் பைக்காராவிலிருந்து நீர்மின்சாரம் வந்ததும் கோவையைச் சுற்றி மில் மேல் மில்லாக எழும்பியது. நூல் இங்கேயே, பருத்தி இங்கேயே என்ற நிலை வந்தது அப்போதுதான்.

அதே காலத்தில் ராட்டையை மறுபடி பரணிலிருந்து இறக்கவும் ஒரு முயற்சி நடந்தது. 1925-ல் ராஜாஜி திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். வறட்சியில் காய்ந்த அந்தக் காட்டுப் பகுதியில் நூற்புக் கூலி என்பது வயிற்றுக்கான காசு. திருப்பூர் 1920-களில் கதர் வியாபாரத்துக்குப் பேர்போன ஊர். 1932-ல் கொடியோடு அடிபட்டு இறந்த திருப்பூர் குமரன் சென்னிமலை நெசவாளர் வீட்டுப் பிள்ளை. இதில் ஒரு வேடிக்கை: ஆலை மெஷின்களை அவ்வளவு எதிர்த்த காந்தி 1924-ல் ஒரு பேட்டியில் சிங்கர் தையல் மெஷினுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார். உருப்படியான சில கண்டுபிடிப்புகளில் அது ஒன்று என்பது அவர் கருத்து. கதர்ச் சட்டையும் யாரோ தைத்தாக வேண்டுமே.

இனி ஊசி. 1830-ல் பிரான்சில் திமோனியே என்ற தையற்காரர் ஒரு மெஷினுக்குக் காப்புரிமை வாங்கிப் பட்டாளத்துக்கு உடுப்புத் தைக்க ஆரம்பித்தார். பிழைப்புப் போய்விடும் என்று மற்ற தையற்காரர்கள் பட்டறைக்குள் புகுந்து மெஷின்களை உடைத்துப் போட்டார்கள். அமெரிக்காவில் 1846-ல் எலியாஸ் ஹோவும் 1851-ல் ஐசக் சிங்கரும் காப்புரிமை வாங்கினார்கள். அப்புறம் ஆளாளுக்கு வழக்குப் போட்டுச் சண்டை பிடித்து, 1856-ல் காப்புரிமைகளை ஒன்றாகச் சேர்த்துப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். 1860-களில் அங்கே வெளிவந்த ஒரு கணக்குப்படி கையால் பதினான்கு மணி நேரத்துக்கு மேல் பிடித்த ஆண் சட்டை மெஷினில் ஒன்றேகால் மணியில் முடிந்தது. சிங்கர் கம்பெனி தவணை முறையில் விற்றது, மெஷின் உலகமெல்லாம் பரவியதற்கு அதுவும் பெரிய காரணம்.

அந்த மெஷினின் உள்ளே நடப்பதை ஒருமுறை மெதுவாகச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். கை ஊசிக்குக் காது தலையில் இருக்கும், மெஷின் ஊசிக்குக் காது கூர்முனையில். நூலோடு துணியைக் குத்திக் கீழே இறங்கி, லேசாக மேலே ஏறும்போது ஊசிக்குப் பின்னால் நூல் ஒரு சின்னக் கண்ணியாகத் தளரும். அந்தக் கண நேரத்தில் கீழே சுற்றும் கொக்கி கண்ணியைப் பிடித்து, அடி நூல் சுற்றிய பாபினைச் சுற்றிக் கொண்டுபோய் விட்டுவிடும். மேல் நூலும் அடி நூலும் துணியின் நடுவில் கோத்துக்கொள்ளும். மேலே இருக்கும் இழுப்பான் இறுக்கிவிடும். மேல் நூல் இறுக்கமாக இருந்தால் அடி நூல் மேலே தெரியும், தளர்ந்தால் கீழே நூல் கொசகொசவென்று கட்டிக்கொள்ளும். ஹோவின் மெஷினில் கொக்கிக்குப் பதில் சின்ன நாடாவே அங்கேயும் இங்கேயும் ஓடியது, தறியில் ஓடுகிற அதே நாடாவின் யோசனை.

நம் ஊர்களுக்கு இது வந்தபோது உடைக்க யாரும் ஓடி வரவில்லை. உடைக்குமளவுக்குக் கைத்தையற்காரர் கூட்டம் இல்லை. சேலம், கோவை போன்ற ஊர்களில் மராத்தி பேசும் பாவசார வகுப்பார், முஸ்லிம் தையற்காரர்கள் என்று கொஞ்சம் பேர், பட்டாளத்துக்கும் சர்க்கார் கச்சேரி உத்தியோகஸ்தருக்கும் வசதியானவர்களுக்கும் தைத்துக்கொடுத்தார்கள். ஜவுளிக்கடைத் திண்ணையில் ஒரு மெஷின் உட்கார்ந்தது. துணி எடுத்ததும் அங்கேயே அளவு கொடுத்துவிட்டு வரலாம். இருந்த வேலையைச் சுளுவாக்கியதைவிட, இல்லாத வேலையை இந்த மெஷின் உண்டாக்கியதுதான் இங்கே நடந்தது. பள்ளிக்கூடம் போகிற பையனுக்கு அரைக்கால் சட்டை, பொட்டைப் பிள்ளைக்குப் பாவாடை சட்டை, மில்லுக்குப் போகிறவருக்குச் சட்டை, கல்யாணப் பெண்ணுக்கு ஜாக்கெட். ஒரு தலைமுறைக்கு முன் யாரும் கேட்காத உருப்படிகள்.

எல்லோரும் உடனே மாறிவிடவில்லை. என் அமுச்சி, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டி, கடைசி வரைக்கும் ஜாக்கெட் போட்டதில்லை. பேத்தி கல்யாணத்துக்குத் தைத்துக் கொடுத்ததை மாட்டிப் பார்த்துவிட்டு, "கையக் கட்டிப் போட்டாப்ல இருக்குது சாமி, நீயே வெச்சுக்கோ" என்று கழற்றிக் கொடுத்துவிட்டார். அவருடைய தலைமுறையில் கொங்குக் கிராமங்களில் அது சாதாரணம். அவருடைய மகள்கள் தீபாவளி நோம்பிக்கு ஒரு மாசம் முன்பே அளவு ஜாக்கெட்டோடு டெய்லர் வாசலில் நின்றார்கள்.

டெய்லர் கடையில் சேருகிற பையன் முதலில் காஜா பையன். சட்டைக்குக் காஜா (பட்டன் துளை) எடுப்பது, பட்டன் கட்டுவது, ஹெம்மிங் செய்வது, நூல் பிசிறு வெட்டுவது. மெஷினில் ஏற மாசக்கணக்கில் ஆகும், கத்தரியைத் தொட வருஷக்கணக்கில். மெஷின் வந்து நூறு வருஷம் ஆன பிறகும் காஜாவைக் கையால்தான் எடுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். வெட்டுவது மாஸ்டர் மட்டும். தப்பாகத் தைத்தால் பிரித்துவிடலாம், தப்பாக வெட்டினால் துணிக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

இதற்கெல்லாம் மேலே கொங்கு நாட்டின் தலையெழுத்தையே மாற்றியது வேறொரு மெஷின் ஜோடி: நிட்டிங்கும் ஓவர்லாக்கும். பின்னலாடை மெஷின் தையல் மெஷினைவிட ரொம்பப் பழசு. வில்லியம் லீ என்பவர் இங்கிலாந்தில் 1589-லேயே காலுறை பின்னச் சட்டகம் செய்துவிட்டார். திருப்பூரில் பனியன் தொழில் 1920-களிலும் 30-களிலும் காலூன்றியது, மெஷின்கள் கல்கத்தாவிலிருந்து வந்தன. பஞ்சு அரவை ஆலைகள் ஏற்கனவே ஊரில் இருந்தன, நூல் பக்கத்தில் கோவையில், ரயில் வாசலில். வட்ட நிட்டிங் மெஷின் துணியைக் குழாயாகவே பின்னித் தள்ளும். உடம்பு அளவுக்குத் தகுந்த விட்டத்தில் மெஷினைப் போட்டால் பனியனுக்குப் பக்கத் தையலே வேண்டாம். கழுத்தும் கைக்குழியும் வெட்டி, தோளை இணைத்து, அடியை மடித்தால் ஆயிற்று. தையல் குறைந்த உடுப்பு என்ற நம் பழைய வழக்கம் பனியனிலும் தொடர்ந்தது என்று சொல்லலாம். கொஞ்சம் இழுத்துப் பிடித்துச் சொல்கிறேன்தான்.

ஆனால் பின்னல் துணி இழுபடும். சாதாரண மெஷின் தையல் அவ்வளவாக இழுபடாது. பனியனைத் தலைவழியாக மாட்டும்போது பட்டென்று நூல் அறுந்துவிடும். வெட்டிய ஓரம் சுருண்டுகொள்ளும், கண்ணி அவிழும். இதற்குத்தான் ஓவர்லாக். ஓரத்தைக் கத்தியால் நறுக்கிக்கொண்டே, மூன்று நாலு நூலால் சங்கிலி போலச் சுற்றிக் கட்டிக்கொண்டே போகும். தையலும் துணியோடு சேர்ந்து நீளும். 1880-களில் அமெரிக்காவில் வந்த மெஷின் வகை இது. கை மடிப்புக்கும் அடி மடிப்புக்கும் பேட்லாக். காலர், பட்டன் பட்டி, லேபிளுக்குச் சாதாரணத் தையல் மெஷின், அது எந்தக் கம்பெனி மெஷினாக இருந்தாலும் இங்கே அதற்குப் பேர் சிங்கர். திருப்பூரில் கம்பெனி வாசலில் தொங்கும் போர்டைப் பாருங்கள்: "சிங்கர், ஓவர்லாக், பேட்லாக் டெய்லர், கைமடி தேவை." கைமடி என்றால் டெய்லருக்குத் துணையாக நிற்கும் ஆள்.

1970-களின் கடைசியில் இத்தாலிய வியாபாரிகள் வந்து டி-சர்ட் கேட்ட பிறகு ஊரே மாறிவிட்டது. டெய்லர் கடையில் ஒருவர் ஒரு முழுச் சட்டையைத் தைப்பார். கம்பெனியில் ஒருவர் தோளை மட்டும் இணைப்பார். அடுத்தவர் கழுத்துக்கு ரிப் ஏற்றுவார், அதற்கடுத்தவர் கை ஏற்றுவார். பக்கத்தில் நிற்கும் கைமடி துண்டுகளை எடுத்து நீட்டுவார், தைத்ததை அடுக்குவார். மோட்டார் மெஷின் நிமிஷத்துக்கு நாலாயிரம் ஐயாயிரம் தையல் போடும். காலை எட்டரைக்கு ஏறி ராத்திரி எட்டரைக்கு இறங்கினால் ஒன்றரை ஷிப்ட், சனிக்கிழமை சம்பளம். விவசாயம் பொய்த்த தென்மாவட்டத்துக் குடும்பங்களும், அப்புறம் வடமாநிலத்தவரும் இந்த வேலைக்காகத்தான் வந்து சேர்ந்தார்கள். பல வீடுகளில் பெண்ணின் கையில் முதன்முதலாகத் தனிச் சம்பளம் வந்தது இங்கேதான். சாயக் கழிவு நொய்யலைக் கொன்றதும் இதே ஓட்டத்தில்தான். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூடச் சொன்னது, கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடக் கூடாது என்ற ஏற்பாடு வந்த பிறகுதான் மறுபடி ஓடின.

தைக்காத துணி இன்னும் போய்விடவில்லை. சோமனூர், பல்லடம், பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிகள் இன்னும் ஓடுகின்றன. 1983-ல் தமிழக அரசு தொடங்கிய பொங்கல் இலவச வேட்டி சேலைத் திட்டம் பல தறிகளுக்கு வருஷத்தில் சில மாச வேலை. அதே அரசு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் சீருடையைத் தைப்பது மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கத்துப் பெண்கள். ஜமக்காளம் உட்படச் சில ரகங்களைக் கைத்தறிக்கு மட்டும் ஒதுக்கி 1985-ல் சட்டம் இருக்கிறது. அது எவ்வளவு தூரம் மதிக்கப்படுகிறது என்பது ஈரோட்டுச் சந்தையில் நாலு கடை ஏறி இறங்கினால் தெரிந்துவிடும்.

நேரில் பார்க்க ஆசை இருந்தால் பவானியில் ஜமக்காளத் தறி, சென்னிமலையில் பெட்ஷீட் தறி, சோமனூரில் விசைத்தறி, கடைசியாகத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி என்று இந்த வரிசையில் போங்கள். தெருவில் பாவு போடுவது இப்போது அபூர்வம். எங்காவது நடக்கிறது என்று கேள்விப்பட்டால் வெயில் ஏறுவதற்கு முன்பே போய்விட வேண்டும். கைத்தறி பார்க்க மழைக்காலத்தில் போகாதீர்கள், குழியில் தண்ணீர் ஊறித் தறி நின்றிருக்கும்.